கத்தியில் இன்னொரு கை

கடைத்தெருவின் கோடியில், தையல் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே செருகி வைத்ததுபோல ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை வெளுத்துப்போய் எழுத்து தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. கைவேலை செய்கிற யாரைக் கேட்டாலும், "கல்லு அக்கா கடையா?" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். உளி, கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி என்று கூர் வேண்டிய எதுவானாலும் அங்கே கொண்டுபோகலாம்; அவள் தீட்டித் தருவாள். நானே தீட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்குச் சாணைக்கல்லும், உப்புத்தாளும், தோல் பட்டையில் பூசித் தேய்க்கும் மெழுகுக் கட்டிகளும் எடுத்துக் கொடுப்பாள்.

எடுத்துக் கொடுப்பாள் என்று சொல்லிவிடலாமே தவிர, அவளிடம் ஒரு கல் வாங்குவது போலீஸ் விசாரணைக்குப் போய்வருவது மாதிரி. என்ன வெட்டுவீர்கள், எதன்மேல் வைத்து வெட்டுவீர்கள், கழுவித் துடைத்து வைப்பீர்களா அல்லது தொட்டியில் பாத்திரத்தோடு பாத்திரமாகப் போட்டுவிடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நல்ல கல்லாக ஒன்று கொடுங்கள் என்று வருபவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. நல்லது என்றால் எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்பாள்.

ஓர் உணவகச் சமையல்காரன் ஒரு முறை கடையிலேயே நைசான கல்லையும் பச்சை மெழுகுக் கட்டியையும் பிடிவாதமாக வாங்கிப்போனான். முகம் பார்க்கலாம் போலக் கத்தியைத் தீட்டிக்கொண்டு இரண்டாம் வாரமே திரும்பி வந்தான். தக்காளிமேல் வைத்தால் கத்தி வழுக்குகிறது என்று புகார். அவள் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"தக்காளித் தோலுக்குப் பல்லு வேணும் தம்பி. நீயே இருக்கிற பல்லையெல்லாம் உதிர்த்துட்டு, கடிக்க மாட்டேங்குதுன்னு வந்து நிக்கிற."

நடுத்தரக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்து அனுப்பினாள். முடிதிருத்துபவர் வந்தால் கதை நேர்மாறு. தோலில் படுகிற கத்திக்குப் பல்லே, அதாவது விளிம்பில் சொரசொரப்பே, இருக்கக் கூடாது. அவருக்குத்தான் அந்தப் பச்சைக் கட்டி. தச்சருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஆளுக்கு ஆள் கல் மாறினாலும் எல்லோரிடமும் மாறாமல் சொல்வது ஒன்று உண்டு: படியைத் தாண்டாதீர்கள். சொரசொரப்பான கல் இரும்பில் உழுதுவிட்டுப் போகும். அந்தக் கோடுகளை நடுத்தரக் கல்தான் அழிக்க வேண்டும்; அதன் கோடுகளை நைசான கல் அழிக்கும். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு நேரே நைசுக்குத் தாவினால் மேடு மட்டும் பளபளக்கும், பள்ளம் அப்படியே கிடக்கும். மாதக்கணக்கில் தேய்த்தால்தான் போகும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடையில் பில் போடத்தான் சேர்ந்தாள். வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து கத்துவார்கள். முதலாளி அப்போது பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். எதிரே நின்று கேட்டுக்கொண்டது இவள். எந்தக் கல் எதற்கு ஆகாது என்று திட்டு வாங்கியே தெரிந்துகொண்டாள். முதலாளி தன் மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனபோது கடையை இவள் பொறுப்பில் விட்டுவிட்டார். இருந்த வேலையை விட்டுவிட்டு வேறு எங்கே போவது என்று அவளும் அங்கேயே தங்கிவிட்டாள்.

கணவர் கிடைத்ததும் அந்தக் கடையில்தான். அப்போது அவர் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தார். கத்தி நேராக வெட்ட மாட்டேன் என்கிறது, ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போகிறது, ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் தீட்டிப் பார்த்தாயிற்று என்று அலுத்துக்கொண்டே வந்தார். அவள் பார்த்தாள். கத்தியில் ஒரு குறையும் இல்லை. தன் சாப்பாட்டுப் பைக்குள் இருந்த வெள்ளரிக்காயை எடுத்து முன்னால் வைத்து, வெட்டிக் காட்டச் சொன்னாள். அவர் இடது கையில் கத்தியைப் பிடித்தார்.

"இடது கைக்காரர்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"யாரும் கேக்கலையே."

கத்தியின் சாய்வை மாற்றித் தீட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். கத்தியில் தீட்ட ஒன்றும் இருக்காது, இருந்தாலும் வருவார். பக்கத்துக் கடை தையல்காரம்மா சும்மா இருப்பாளா? மிஷினை நிறுத்தாமலே சொன்னாள், "கத்தி எங்கடி மழுங்கியிருக்கு? ஆளுதான் மழுங்கிப்போய் வர்றார்."

கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சமயத்தில் அவருக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. போனால் பல மாதம் கழித்துத்தான் வருவார். வந்தால் சில வாரம் இருப்பார். மகனும் இப்போது படிக்கிறேன் என்று வேறு ஊர் விடுதிக்குப் போய்விட்டான். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் அவள் மட்டும். காலையில் கடை, மாலையில் வீடு. நடுக்கடலில் தொலைபேசி எடுக்காது. துறைமுகம் வந்தால் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, மழை உண்டா, பையன் பேசினானா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் என்பாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றால் அவரும் நன்றாக இருக்கிறேன் என்பார். இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொல்லி முடித்தவுடன் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் வைக்க மனசு வராது. மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

வாயால் அவர் சொல்லாததைக் கத்திகள் சொல்லும். ஊருக்கு வந்தவுடன், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, கான்வாஸ் துணியில் சுருட்டிய மூன்று கத்திகளை அவள் கையில் கொடுத்துவிடுவார். பெரியது, நடுத்தரமானது, சின்னது. அவள் அதைக் கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். நுனிப்பக்கம் இரும்பு சிதறியிருந்தால் உறைந்த இறைச்சியை அவசரத்தில் வெட்டியிருக்கிறார். அன்றைக்குக் கடல் சரியில்லை, எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். அடிப்பக்கம் மழுங்கியிருந்தால் வெங்காயமும் உருளைக்கிழங்குமாக நாட்களை ஓட்டியிருக்கிறார், துறைமுகம் தள்ளிப்போயிருக்கிறது. ஒரு தடவை பலகையில் ஓங்கிக் குத்திய தடயத்தைப் பார்த்துவிட்டு, யார்மேல் கோபம் என்று கேட்டாள். அவர் சாதத்தைப் பிசைந்த கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கப்பலில் தன்னோடு மோதிய ஓர் அதிகாரியைப் பற்றிச் சொன்னார்.

அவர் இல்லாத மாதங்களில் அவளுக்குக் கிடைக்கிற பங்கு அவ்வளவுதான். அந்தப் பங்கில் வேறு யாரும் கை வைத்ததில்லை.

இந்த முறை வந்தவர் கத்திகளைக் கொடுக்கவில்லை. பையை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனார். சாப்பிட்டார், கதை சொன்னார், தூங்கினார். போன மாதம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது, ஒரு விஷயம் இருக்கு, வந்துதான் காட்டணும் என்று சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்போது சிரித்துக்கொண்டு கேட்டதுதான். இப்போது அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் பழைய கேன்டீன் நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிப் போனார். அவள் பையை இழுத்து, கான்வாஸ் சுருளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். எப்போதும் செய்வதுதானே, இதில் என்ன திருட்டு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

சுருளைப் பிரித்தவுடன் கை நின்றுவிட்டது. மூன்று கத்திகளும் பளபளவென்று இருந்தன. சிதறல் இல்லை, மழுங்கல் இல்லை. கடலும் பசியும் கோபமும் ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த மாதிரி இருந்தது. லென்ஸை வைத்தாள். யாரோ நைசான கல்லில் பொறுமையாக உட்கார்ந்து தீட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் பிசிறு இல்லை. ஒரு நாளில் செய்த வேலை இல்லை இது. திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில், அக்கறையோடு செய்த வேலை. கோடுகள் அவள் இழுக்கும் கோடுகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. எந்தத் துறைமுகத்தில் இப்படி இழுப்பார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். அவளுடைய பச்சைக் கட்டிக்கு மெழுகுவத்தி வாசனை. வெள்ளைக் கட்டிக்குச் சுண்ணாம்பு வாசனை. இது இரண்டும் இல்லை. நெடியாக, மூக்கைக் கூசவைப்பதாக, ஏதோ ஒன்று. இத்தனை வருஷத்தில் தன் கடைக்கு வராத ஒரு மருந்தை எவளோ வைத்திருக்கிறாள். 'எவளோ' என்று ஏன் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, கப்பல் வந்து சேர்ந்தாச்சு, முகத்துல இன்னும் புயல் எச்சரிக்கையா?"

அவள் கடையில் இருப்பதிலேயே சொரசொரப்பான கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்து, பெரிய கத்தியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். உடைந்த விளிம்பைச் சரிசெய்யத்தான் அந்தக் கல். நல்ல விளிம்பின்மேல் அதை வைப்பது அவள் பாஷையில் கொலைபாதகம். கல்மேல் தண்ணீர் கறுத்தது. பளபளப்பு முதல் இழுப்பிலேயே போய்விட்டது. ஆத்திரம் அத்தனை சீக்கிரம் போகவில்லை. பெரியது முடிந்ததும் நடுத்தரமானது, பிறகு சின்னது. அந்த வாசனை ஒரு சொட்டுக்கூட மிஞ்சக் கூடாது என்பதுபோல இரண்டு பக்கமும் தேய்த்தாள். முடித்துவிட்டு லென்ஸில் பார்த்தபோது அவள் கோடுகள் மட்டும்தான் இருந்தன. உழுத வயல் மாதிரி ஆழமாக. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. மேற்கொண்டு நடுத்தரக் கல்லை எடுக்க மனம் வரவில்லை. அப்படியே சுருட்டி வைத்துவிட்டாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அவர் அலமாரிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"கத்தியெல்லாம் எங்க?"

"கடைக்கு எடுத்துட்டுப் போனேன். யாரோ கண்டபடி தேச்சு வச்சிருந்தாங்க. அதையெல்லாம் எடுத்துட்டேன்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் சுருளை அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைப் பிரிக்கவில்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"நல்லா இல்லையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. வேறு எதில் சொன்னாலும் கத்தி விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "அதனாலதான். யாரு அது?"

அவர் இடது கையை நீட்டினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மெல்லிய வெட்டுக்காயங்கள், ஆறியதும் ஆறாததுமாக. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள். வெள்ளரிக்காயை வெட்டச் சொல்லிக் கண்டுபிடித்த அதே கை. ஊரில் யாருக்கும் தெரியாதது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியது இன்றைக்கு அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிறகு அவர் துண்டு துண்டாகச் சொன்னார். ஒரு துறைமுகத்தில் நைசான கல் ஒன்று வாங்கினாராம். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் ஒதுங்கிய பிறகு கப்பலின் சமையலறையில் உட்கார்ந்து பழகினாராம். முதல் இரண்டு மாதம் விரலைத்தான் தீட்டினாராம். மெழுகுக் கட்டிக்கு எங்கே போவது? கப்பலில் மணியையும் கைப்பிடிகளையும் துலக்குகிற பித்தளைப் பாலிஷை எடுத்துத் தன் பழைய இடுப்பு பெல்ட்டில் பூசித் தேய்த்துப் பார்த்தாராம். வந்துவிட்டதாம். அதை அவர் சொன்னபோது அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அந்த எவளோ, ஒரு டப்பா பித்தளைப் பாலிஷ்.

"அதான் என்கிட்ட கொண்டு வர்றீங்களே. எதுக்கு இந்தக் கஷ்டம்?"

கத்தி சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்றார் முதலில். அது உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரிந்ததால் மறுபடி யோசித்தார்.

"காலையில நீ கடைக்குப் போறதுக்கு முன்னாடி குழாயடியில உக்காந்து கல்லுல இழுப்பியே, அந்தச் சத்தம். அங்க இன்ஜின் சத்தம் மட்டும்தான். அதான் நானே இழுத்துப் பாத்தேன். கொஞ்சம் அதே மாதிரிதான் கேட்டுச்சு."

அவர் கப்பலுக்குப் போன மறுநாள் முதல் அவள் குழாயடியில் உட்காருவதில்லை, எல்லாவற்றையும் கடையிலேயே முடித்துக்கொள்கிறாள், கேட்க ஆளில்லாமல் அந்தச் சத்தம் வீட்டில் தாங்காது என்பதை எப்படிச் சொல்வது? அவள் லென்ஸ் வைத்துப் பார்த்து, யார் இது என்று கேட்கப்போகிற நொடிக்காக அவர் என்னென்ன பதில் யோசித்து வைத்திருந்தார் என்பதையும், அன்று மாலை தானே எடுத்துக் காட்டத்தான் சுருளைக் கொடுக்காமல் வைத்திருந்ததையும் அவர் சொன்னார். அவள் கேட்கத்தான் செய்தாள். தேய்த்து முடித்த பிறகு கேட்டாள்.

நான் பழையபடி பளபளப்பாக்கித் தருகிறேன் என்று சுருளை எடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது நீ செய்ததாக இருக்கும், எனக்கு நான் செய்ததுதான் வேண்டும், அங்கே போய் மறுபடி நானே செய்துகொள்கிறேன், கையில் மாதக்கணக்கில் நேரம் கிடக்கிறது என்றார். சமையலுக்கு இந்தச் சொரசொரப்பே போதும், தக்காளி நன்றாகவே வெட்டும் என்று சமாதானமும் சொன்னார். அவள் கடையிலிருந்து அரைகுறையாக ஒரு கத்தி வெளியே போவது அதுதான் முதல் தடவை.

இருந்த வாரங்களில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சேர்ந்து காய்கறி வாங்கப் போனார்கள்; மகன் லீவுக்கு வந்து அப்பாவோடு செஸ் ஆடித் தோற்றுவிட்டுப் போனான். ஆனால் அவள் மனதுக்குள் ஒன்று உருண்டுகொண்டே இருந்தது. அவரிடம் இருப்பது நைசான கல் மட்டும். அதை வைத்துக்கொண்டு இவள் உழுத கோடுகளை அழிக்கப் புறப்பட்டால் மேடு பளபளக்கும், பள்ளம் கிடக்கும். நடுத்தரக் கல் ஒன்றும் கூடவே இருந்தால் ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும். கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அவள் தவறாமல் சொல்கிற விஷயம். அவருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெயர் தெரியாத கடல்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தினமும் உட்கார்ந்து அவள் போட்ட கோடுகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தினமும் அவை கொஞ்சம் மங்கும், ஆனால் இருக்கும். அவர் கைக்குக் கீழே அவள் கை இருந்துகொண்டே இருக்கும். இது என்ன மாதிரி ஆசை என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். கட்டிய கணவனுக்குக் அரைகுறையாகத் தீட்டிய கத்தியைக் கொடுத்து அனுப்பி, அது மெதுவாகப் பளபளக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அவள் கடையிலிருந்து ஒரு நடுத்தரக் கல்லைக் கொண்டுவந்தாள். அவர் எதிரிலேயே பழைய துண்டில் சுற்றினாள். முதலில் இதில் தேயுங்கள், என் கோடு முழுக்கப் போன பிறகு உங்கள் கல்லுக்குப் போங்கள், படியைத் தாண்டாதீர்கள் என்று கடைக்கு வருகிறவரிடம் சொல்வதுபோலவே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். இது இல்லாமல் செய்தால் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்டார்.

"திரும்பி வர்ற வரைக்கும் ஆகும்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கல் பைக்குள் போனது. காலையில் அவரே பையை ஒரு தடவை பிரித்து அடுக்கினார். வாசலில் நின்று, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். தெருமுனை வரை கூடவே போனாள்.

வீட்டுக்குத் திரும்பியவள் டீ போடுவதற்காகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அடுப்பு மேடையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், துண்டு சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நடுத்தரக் கல். பை கனக்கிறது என்று எடுத்து வைத்தாரா, எடுத்து வைத்ததைத் திரும்ப வைக்க மறந்தாரா? மறக்கிறவர் துண்டை மடித்து வைப்பாரா? அவள் கல்லைத் தொடாமல் அதன் எதிரே நின்றாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது.

பல வாரங்கள் கழித்து, கடையில் தச்சர் ஒருவருக்கு உப்புத்தாள் எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு துறைமுகம். இரைச்சல். சாப்பிட்டாயா என்றார், ஆமாம் என்றாள். மழை உண்டா என்றார்; உண்டு என்றாள். கல்லைப் பற்றிக் கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொல்லியாயிற்று. வைக்காமல் நின்றார்கள்.

"கோடு இன்னும் தெரியுது," என்றார் அவர்.

"அழுத்தித் தேய்க்காதீங்க," என்றாள். "விரலைப் பார்த்து."

இரைச்சலில் அவர் சிரித்தது பாதிதான் கேட்டது. தச்சர் உப்புத்தாளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினாள்.